பதினெட்டு சதவீதம்

ஓவனில் இரண்டு நாள் காய்ந்த கல் ஈரமாயிருந்தது.

பிரவீனா மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஈரம்தான். விரலை மூக்கருகே கொண்டுபோனபோது, பீளமேட்டு மில்களின் பஞ்சு வாடையையும் ஐப்பசி மழை கிளப்பிய மண்வாசத்தையும் தள்ளிக்கொண்டு, அழுகின பாசியும் உப்புமாக ஒரு கடல் நாற்றம் குப்பென்று ஏறிற்று.

"ஏனுங்க சார், இந்தக் கல்லு காயவே மாட்டேங்குதுங்க."

ஆய்வுக்கூட மேலாளர் சுந்தரராஜுலு வாசலில் நின்றபடியே சொன்னார். "கல்லுல ஏதுங்க அம்மணி தண்ணி? நாளைக்குப் புயல் விசாரணைக்காரங்க வாராங்க. மறுக்கா அளந்து, போன வருசம் போட்ட அதே பதினெட்டப் போட்டுருங்க."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

போன வருசம், தொண்ணூற்றாறில், கடலுக்கடியிலிருந்து துரப்பணம் போட்டு எடுத்து மரப்பெட்டிகளில் வந்த மணற்கற்கள். கோடிக்கணக்கான வருசங்களுக்கு முந்தைய கடல் படியவைத்த மணல். மணலுக்கும் மணலுக்கும் நடுவே இடுக்கு இருந்தால்தான் எண்ணெய் தங்கும். இதிலோ இடுக்கையெல்லாம் சுண்ணாம்பு அடைத்திருந்தது. இடுக்கு நான்கு சதவீதம் என்றுதான் அவள் முதலில் எழுதினாள்.

அன்றைக்குத்தான் யாகூப் போன் பண்ணினான். கோட்டைமேட்டுக்காரன், கடலில் எண்ணெய்க்குத் துளை போடும் மேடையில் வேலை, கல்பெட்டிகளைக் கட்டி அனுப்புகிறவன்.

"கல்லு எப்படிங்க மேடம்? ஆகாதுன்னா சொல்லிப்போடுங்க, மேடையக் கழட்டிட்டு எல்லாரும் ஊட்டுக்கு வந்துருவோம்."

"நல்ல கல்லுதாங்க," என்றாள். சுந்தரராஜுலு திருத்திக் கொடுத்த பதினெட்டின் கீழே அவள் கையெழுத்து இன்னும் காய்ந்திருக்கவில்லை.

மேடை அங்கேயே நின்றது. மூன்றாம் வாரம் புயல். மேடையோடு ஏழு பேர் கடலுக்குள் போனார்கள், யாகூபும். ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

கல்லிலிருந்து துளைத்தெடுத்த சிறு உருளையை இடுக்கை அளக்கும் கருவிக்குள் வைத்து வாயுவைத் திறந்தாள். நான்கில் நிற்க வேண்டிய முள் பதினெட்டில் போய் நின்றது. ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

முள் மறுபடி நகர்ந்தது. இருபத்தைந்து. நாற்பது. அறுபது. எந்த மணற்கல்லும் அப்படிக் காட்டாது. உள்ளே வெறும் இடம். ஆள் ஒதுங்குகிற அளவுக்கு இடம்.

கரண்ட் போயிற்று.

மழைச் சத்தம். அதற்கடியில் இன்னொன்று. நிதானமாக, நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டுகிற சத்தம். மேசைமேல் இருந்த கல்லுக்குள்ளிருந்து.

குனிந்தாள். உருளை எடுத்த துளை, கட்டைவிரல் பருமன், கறுப்பாக இருந்தது. தண்ணீர் வழிந்தது. பிறகு ஒரு விரல். வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிய விரல். நகம் பாதிக்குத் தேய்ந்திருந்தது. துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்தது.

கதவுப் பக்கம் திரும்பினாள்.

சுவர் நெடுக அலமாரி. பெட்டி பெட்டியாகக் கற்கள். ஒவ்வொரு துளையிலும் விரல்கள். அவள் நின்ற பக்கமாக, மடங்கி, நிமிர்ந்து, மடங்கி.