கூஜாவில் ஊற்றிய விஸ்கி

‘ணங்!’

அந்தச் சத்தம் காமுவின் குடையால் வந்ததுதான். ஆனால் குடையைச் சாய்த்தது காற்று, அவளைச் சாய்த்தது படகு... இதில் அவள் தப்பு என்ன இருக்கிறது?

அத்தையை மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிட்டு, அப்பா ஹவுராவிலேயே தன் ரயில்வே ஆபீசுக்குப் போய்விட்டார். காமு தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். மிதவைப் பாலத்தைக் கப்பலுக்காகத் திறந்துவிட்டார்கள் போல... ஊரே ஃபெர்ரியில் ஏறியிருந்தது. படகு போட்ட ஒரு ஆட்டத்தில், அவள் குடைக் கம்பி பக்கத்தில் நின்றவனின் அட்டைப் பெட்டிக்குள் புகுந்துவிட்டது.

“ஐயையோ! ஒண்ணு போச்சு!”

அட, தமிழ்! காமு திரும்பினாள். கோட்டு, வேஷ்டி, மழையில் கரைந்து வழியும் விபூதி. நனைந்த இமைகளுக்குக் கீழே பெரிய பெரிய கண்கள்... அந்தக் கண்களில் கோபமே இல்லை. அழுதுவிடுவான் போலிருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

“கண்ணாடி டம்ளர்தானே? போனா போறது!”

“டம்ளர்தானேவா? கிரிஸ்டல்! இதுல ஊத்தினா விஸ்கியோட மணமே தனி. சாதாக் கண்ணாடியில ஊத்தினா வேற. வெள்ளியில ஊத்தினா...”

காமு இரண்டடி தள்ளி நின்றாள். “நீங்க... குடிப்பேளா?”

“சிவ சிவா! மோந்து மட்டும்தான் பாப்பேன்.”

அவன் பெயர் சந்தானம். கிளைவ் தெருவில் விஸ்கியும் கண்ணாடிச் சாமானும் வரவழைக்கும் கம்பெனியில் குமாஸ்தா. சரக்கறைச் சாவியைத் துரை அவனிடம் கொடுத்ததற்கு ஒரே காரணம், அவன் ஒரு சொட்டும் தொடமாட்டான் என்பதுதான். இதையெல்லாம் அவள் கேட்கவேயில்லை... அவனாகவே கொட்டித் தீர்த்தான்.

“இப்ப அந்தச் சாவிக்கே ஆபத்து வந்துடுத்து! பவானிப்பூர்ல வெங்கடசுப்ரமணியன்னு ஒருத்தர். கபத்துக்கு டாக்டர் விஸ்கி சாப்பிடச் சொன்னாராம். அதுல களிம்பு வாடை அடிக்கறது, எவனோ கலப்படம் பண்ணிட்டான்னு துரைக்குக் கடுதாசி போட்டுட்டார். சாவி என் இடுப்புல, அப்ப பழி யார் தலையில? இன்னிக்குள்ள அவர் அதை வாபஸ் வாங்கலைன்னா வேலை போச்சு. திங்கட்கிழமை ஊரைப் பார்க்க மெட்ராஸ் மெயில் ஏறவேண்டியதுதான். எழுத்து என்னமோ முத்து முத்தா இருக்கு... உள்ளே அத்தனையும் விஷம்!”

காமுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முத்து முத்தான எழுத்து அவளுடையது! அப்பா சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதியவள் அவள்தான். விஷமாமே, விஷம்! படகு கரையில் இடித்ததும் விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். மூன்று மணிக்கு அவன் கதவைத் தட்டியபோது அப்பா வீட்டில்தான் இருந்தார். திறந்தவள் காமு.

“நீ... நீங்களா?”

“நானேதான். விஷத்தை எழுதினதும் நான்தான். வாங்கோ உள்ளே!”

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கோளாறு விஸ்கியில் இல்லை, ஊற்றிக் குடிக்கும் பாத்திரத்தில்தான் என்று காட்ட, சந்தானம் ஒரு கிரிஸ்டல் டம்ளரையும் ஒரு சாதா டம்ளரையும் எடுத்து வைத்தான். காமு உள்ளே போய் இரண்டிலும் விஸ்கி ஊற்றி, வெந்நீர் கலந்து கொண்டுவந்தாள்.

“மாமா, விளிம்பை உதட்டுல வச்சு, மெதுவா...”

“எச்சில் பண்ணிக் குடிக்கறதா? எங்காத்துல அந்த வழக்கமே கிடையாது ஓய்!”

அப்பா கிரிஸ்டலை ஒரு ஜாண் உயரம் தூக்கினார். அண்ணாந்தார். மடக்கென்று தொண்டைக்குள் விட்டுக்கொண்டார். இருமினார். சாதாவையும் அப்படியே.

“ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுலயும் களிம்பு!”

“இப்படி அண்ணாந்து ஊத்திண்டா எந்த டம்ளரா இருந்தா என்ன மாமா?” சந்தானம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. காலி டம்ளரை எடுத்து முகர்ந்தான். அவன் புருவம் சுருங்கியது. “இது... பாட்டில்லேயே இருந்த விஸ்கிதானா?”

காமுவுக்குச் சுரீரென்றது. கொலுவுக்கு வரும் மாமிகள் கண்ணில் பட்டால் மானம் போகுமே என்று, மூன்று வாரத்துக்கு முன்னால் பாட்டிலைக் கவிழ்த்துப் பழைய பித்தளைக் கூஜாவில் ஊற்றி வைத்தவள் அவள். உள்ளே ஈயம் பூசி எத்தனை வருஷம் ஆயிற்றோ!

“பின்னே? ஏண்டி காமு, பாட்டில்லேர்ந்துதானே ஊத்தறே?” என்றார் அப்பா.

இவன் எதிரிலா ஒத்துக்கொள்வது? விஷம் என்று சொன்னவன் எதிரிலா?

“ஆமாம்பா.”

“கேட்டீரா? என் பொண்ணு பொய் சொல்லமாட்டா. கடுதாசியை வாபஸ் வாங்கறதா இல்லை. போயிட்டு வாரும்.”

சந்தானம் அவளை ஒரு கணம் பார்த்தான். தெரிந்துவிட்டது... எல்லாமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்காமல், பெட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

சண்டை போட வேண்டாமோ! என்ன மனுஷன் இவன்! காமு உள்ளே ஓடினாள். கூஜாவைக் கொண்டுவந்து அப்பா முன்னால் ‘டங்’கென்று வைத்தாள்.

அப்பா திறந்து பார்த்தார். உள்ளே பச்சை பூத்திருந்தது. “அடிப் பாவி! இப்ப வாபஸ் வாங்கினா நான்னா அசடு?”

“நான்தான் அசடுன்னு எழுதறேன். நீங்க கையெழுத்தை மட்டும் போடுங்கோ. சீக்கிரம்ப்பா!”

டிராம் நிற்கும் முனையில் அவன் நனைந்துகொண்டு நின்றான். காமு மூச்சு வாங்க ஓடிவந்து கடுதாசியை நீட்டினாள்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“உங்கப்பா எதிர்ல உங்களைப் பொய்க்காரியாக்கச் சொல்றேளா? வேலைதானே... வேற கிடைக்கும்.” தலையைக் குனிந்துகொண்டான். “அதோட, நானும் யோக்கியன் இல்லை. கிரிஸ்டலுக்கும் சாதாவுக்கும் என் மூக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. துரை சொல்றதையே நானும் சொல்லிண்டிருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவனை விட்டால் அடுத்த டிராமில் ஏறிப் போயே போய்விடுவான்!

“உங்க கோத்திரம் என்ன?”

“ஆங்?”

“கோத்திரம்! காது கேக்கலையா?”

“பா... பாரத்வாஜம்.”

“அப்பாடா! நாங்க கௌசிகம்.”

அந்தப் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின... பிறகு மெல்ல மெல்ல மலர்ந்தன. ஆனால் வாய்? அது மட்டும் திறக்கவே இல்லை.

“கடுதாசியும் நானே எழுதணும், தப்பையும் நானே ஒத்துக்கணும், இதையும் நானே சொல்லணுமா? சரி, கேட்டுக்கோங்கோ. உங்களை நேக்குப் பிடிச்சிருக்கு. மெட்ராஸ் கிட்ராஸ்னு எங்கேயும் போகாதேங்கோ!”

“படகுலயே நேக்குப் பிடிச்சுடுத்து” என்றான் அவன், காது வரை சிவந்து. “நாளைக்கு வந்து உங்கப்பாகிட்ட...”

“நாளைக்கா? இப்பவே வாங்கோ!”