தரவுத்தளத்தில் இல்லாத மீன்

எதுவுமே இருக்கக்கூடாத குப்பியில் ஒரு மீனின் தடயம் இருந்தது. செஞ்சிக் கோட்டைக் குளங்களின் தண்ணீரை வடிகட்டிச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்புவது கலைமதியின் வேலை. மீன்கள் அதில் உதிர்த்திருக்கும் மரபணுவை உலகத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால், எந்தெந்த மீன் அங்கே வாழ்கிறது என்று தெரிந்துவிடும். சரிபார்ப்பதற்காக வீட்டுச் சமையலறைக் குடத்துத் தண்ணீரையும் ஒரு குப்பி அனுப்பியிருந்தாள். அதில்தான் வந்தது.

"ஊட்டுக் குடத்துல இன்னா மீன் வளக்கற?" ஆய்வகத்திலிருந்து கவிதா போனில் சிரித்தாள். "கெண்டை இல்ல, விரால் இல்ல. டேட்டாபேஸ்ல எதுகூடவும் ஒத்துப்போவல."

கலைமதி சிரிக்கவில்லை. கவிதாதான் குப்பிகளை மாற்றிவிட்டாள் என்று சந்தேகப்பட்டாள். புதுக் கையுறை மாட்டி மறுபடியும் எடுத்தாள். மாடித் தொட்டியில் ஒன்று, குடத்தில் ஒன்று. கணவன் பீமாராவ் குடத்தில் முக்கிக் குடித்து வைத்த டம்ளரின் மிச்சத்தையும் சேர்த்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

முதல் குப்பிகளை எடுத்த அன்று காலை, குளத்துக்குத் துணையாக வந்த பீமாராவ் பாசிப்படியில் வழுக்கி உள்ளே போயிருந்தான். அவள் கத்திக் கத்தித் தொண்டை வற்றிய பிறகுதான் மேலே வந்திருந்தான். அவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

அன்றிலிருந்து அவள் அவனைக் கவனித்தபடியே இருந்தாள். ராஜகிரி மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் தெருவுக்குள் திருப்பி ஊத, கொடியில் போட்ட துணியெல்லாம் மொரமொரவென்று காய்ந்துகிடக்க, அவன் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டி ஈரமாகவே இருந்தது. அவன் எழுந்துபோன நாற்காலியில் பாசி வாடை தங்கியது. சோறு தட்டிலேயே காய்ந்தது. டிவி வெளிச்சத்தில் அவன் இமைப்பதற்காகக் காத்திருந்தாள். அவள் கண்கள்தான் எரிந்தன.

"ஏங்க, ஒடம்புக்கு இன்னா பண்ணுது? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"எனுக்கு இன்னா? நல்லாத்தான் இருக்கறேன்." திரும்பாமலே சொன்னான். "தண்ணி குடு."

முடிவு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கரண்ட் இல்லை. குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"மாடித் தொட்டி சுத்தம்," என்றாள் கவிதா. இம்முறை அவள் சிரிக்கவில்லை. "குடத்துலயும் டம்ளர்லயும் அதே மீன்."

"டம்ளர் அவரு வாய் வெச்சுக் குடிச்சதுடி. எச்சி இருக்குமே. மனுஷ மரபணுவும் வந்திருக்கணுமே?"

"அதுக்குன்னே தனியா டெஸ்ட் போட்டேன். நம்பாம திரும்பவும் போட்டேன். மனுஷனே இல்ல கலை. யாரு குடிச்சது அதுல?"

அப்படியானால் பீமாராவ் இன்னும் குளத்தில்தானா? அவளோடு வீட்டுக்கு வந்தது எது?

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஏங்க?"

குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. போன் வெளிச்சத்தை உள்ளே நீட்டினாள். ஈரத்தரை. அவிழ்த்துப் போட்ட சட்டை. விளிம்புவரை நிறைந்த நீல டிரம்.

எட்டிப் பார்த்தாள்.

தண்ணீருக்கு அடியில் பீமாராவின் முகம். மேல்நோக்கி. கண்கள் திறந்து. ஒரு குமிழிகூட எழவில்லை. காதுக்குக் கீழே, இரு பக்கமும், தோல் பிளந்து சிவந்து, மெல்லத் திறந்தது. மூடியது. திறந்தது.

வெளிச்சத்தைக் கண்டதும், அது சிரித்தது.