வலது கண் சாட்சி

டெலிபோன் அலறியது.

காலை பத்து மணி. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இயங்கும் சின்னதொரு கண், காது சிகிச்சை நிலையம்.

றுஸைனா ரிசீவரை எடுத்தாள். பத்தொன்பது வருட நர்ஸ். நோயாளிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் இந்த ஊவா மாகாணத்திலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. இது அவளுடைய சொந்தக் கருத்து.

"மிஸ்ஸி...! அம்மாவுக்குக் கண்ணு எரியுதுங்க! நெருப்ப வச்ச மாதிரி கத்துறாங்க!"

பின்னால் ஒரு பெண்ணின் அலறல்... றுஸைனாவின் காதைக் கிழித்தது.

"யாரு பேசுறீங்க?"

"துஷாந்தினிங்க. தெமோதரை. மாரியாயியோட மக. போன வெள்ளிக்கெழம வலது கண்ணுல ஒப்பரேஷன் செஞ்சீங்களே..."

றுஸைனாவுக்கு நினைவு வந்தது. இரண்டு கண்ணிலும் வெண்புரை. வலது கண்ணை மட்டும் இப்போது செய்திருந்தார்கள். இடது கண் இன்னமும் புகைதான்.

"என்ன செஞ்சீங்க?"

"நீங்க சொன்ன மாதிரியே மருந்து விட்டோம். ஒரே ஒரு சொட்டு. விட்ட ஒடனே..."

"கசக்க விடாதீங்க! கொதிச்சு ஆறின தண்ணி இருக்கா?"

"இருக்குங்க!"

"தலைய வலப்பக்கமா சாய்ச்சு, மூக்குப் பக்கத்துலேருந்து வெளிய ஓடுற மாதிரி மெதுவா ஊத்துங்க. கால் மணி நேரம்! அம்மா போதும்னு சொன்னாலும் நிறுத்தாதீங்க. பொறவு ஓட்டோவப் புடிச்சு நேரா இங்க வாங்க. அந்த மருந்துப் போத்தலையும் கொண்டு வாங்க!"

ரிசீவரை வைத்தாள்.

'நான் சொல்லிக்கொடுத்ததில்தான் பிழையா...?'

அந்த யோசனையை அவள் உடனே விரட்டிவிட்டாள். தன் மேல் பிழை இருக்கக்கூடும் என்ற யோசனைகளை விரட்டுவதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

---

பதினொன்றேகால் மணிக்கு ஓட்டோ வந்து நின்றது.

மாரியாயிக்கு அறுபத்திரண்டு வயது. தேயிலைக் கொழுந்து பறித்தே உரம் ஏறிய கைகள். அந்தக் கைகள் மகளின் தோளை இறுகப் பிடித்திருந்தன.

டொக்டர் ஸனா கண்ணைத் திறந்து பார்த்தார். மறுபடியும் கழுவினார். விளக்கை வைத்து நீண்ட நேரம் பார்த்தார்.

"மேல் தோல் கொஞ்சம் உரிஞ்சிருக்கு. ரெண்டு மூணு நாள்ல ஆறிரும். பார்வைக்கு ஒண்ணுமில்ல." டொக்டர் நிமிர்ந்தார். "ஒடனே கழுவினபடியா தப்பிச்சாங்க. அரை மணி நேரம் சும்மா இருந்திருந்தா... கண் போயிருக்கும்!"

றுஸைனா போத்தலைக் கையில் எடுத்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். காரமான வாடை!

மேலே ஒட்டியிருந்த லேபலை நகத்தால் சுரண்டினாள்.

அடியில் இன்னொரு லேபல்...!

அதில் ஒரு காதின் படம்!

"இது காதுக் குறும்பியக் கரைக்கிற மருந்து, டொக்டர்! யாரோ வேணும்னே ஒட்டிக் குடுத்திருக்காங்க!"

கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஓர் இடி இடிக்க வைப்பார்கள். அன்றைக்குப் பதுளையில் நல்ல வெயில். இடி இடிக்கவில்லை. கீழே ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. அதை வைத்துக்கொள்ளுங்கள்.

"மாரியாயி அம்மா... இந்தப் போத்தல யாரு தந்தா?"

"நேத்து ஒரு ஆளு தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தாரும்மா. மக வேலைக்குப் போயிருந்துச்சு. ஆசுபத்திரியிலேருந்து வர்றேன், பழைய மருந்து காலாவதி ஆயிருச்சுன்னு புதுசு தந்தாரு. மொகத்துல மாஸ்க்கு, தலையில தொப்பி. சரியாப் பேசக்கூட இல்ல. தொண்டை கட்டுன மாதிரி இருந்துச்சு."

"வேற ஏதாவது கவனிச்சீங்களா?"

"கையக் கழுவாம போத்தலத் தொறந்தாரும்மா! எனக்கு வந்துச்சே கோவம்! மிஸ்ஸி அவ்வளவு சொல்லிக் குடுத்திருக்கு, மொதல்ல போயி சோப்புப் போட்டுக் கழுவுய்யான்னு வெரட்டினேன்."

றுஸைனாவின் நெஞ்சு பூரித்தது. தன் பாடம் தெமோதரை லயம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது!

"ஆனா ஒங்க கண்ணக் கெடுத்து யாருக்கு என்ன லாபம்?"

மாரியாயி மகளின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"திங்கக்கெழம சாயந்திரம்... நீங்க குனியாத, பாரம் தூக்காதன்னு சொன்னீங்களே, அதுனால ரோட்டோரக் கல்லுல சும்மா ஒக்காந்திருந்தேன். ஒரு வெள்ள வேன் வளைவுல வந்து அழகர் அண்ணன அடிச்சுத் தூக்கிருச்சு. ஓட்டினவன் எறங்கிப் பாத்தான்... திரும்ப ஏறிப் போயிட்டான். அண்ணனும் நானும் ஒண்ணா, காலையில வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுக் களத்துல நின்னவங்க. மறுநாளு செத்துப் போயிட்டாரு."

முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள்.

"அவன் மொகத்த இந்தப் புதுக் கண்ணால பாத்தேன்மா. திரும்பப் பாத்தா சொல்லிருவேன். தோட்டம் பூரா அப்பிடித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்..."

அழகரைக் கொன்றவன் சாட்சியின் கண்ணைக் குறி வைத்திருக்கிறான்!

---

பொலிஸிலிருந்து சார்ஜன்ட் மஹ்ரூப் வந்தார். சிவில் உடுப்பு. சந்தேகத்தோடே பிறந்தவர் போல ஒரு முகம்.

"ஒங்க ஆஸ்பத்திரி ஆள் யாராவது இருக்குமா, மிஸ்?"

"சான்ஸே இல்ல!" றுஸைனா நிமிர்ந்து நின்றாள். "வந்தவன் கை கழுவல்ல. எங்க ஆளுங்க எல்லாருக்கும் நான் பாடம் எடுத்திருக்கேன், சார்ஜன்ட். கை கழுவாம ஒருத்தனும் போத்தலத் தொட மாட்டான். இது வெளி ஆள்!"

"லேபல் ஒங்களோடதுதானே?"

"கள்ள லேபல்!"

அவ்வளவுதான் விசாரணை. இரண்டு நிமிடம். உலகத்தின் பெரிய துப்பறிவாளர்களுக்கெல்லாம் ஒரு கொலையை முடிக்க இருநூறு பக்கம் ஏன் தேவைப்படுகிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

"ஒரு பொறி வைப்பம். மாரியாயிக்குக் கண் போயிருச்சுன்னு கதையப் பரப்புவம். உண்மையான்னு பாக்க அவன் கட்டாயம் வருவான். நீங்க நோயாளி மாதிரி உக்காந்திருங்க, சார்ஜன்ட்."

கதையைப் பரப்ப அவளிடம் ஓர் ஆள் இருந்தான். விஜேந்திரன். சிகிச்சை நிலையத்தின் டிரைவர், ஹாலிஎலக்காரன். மருந்து வாங்கப் போன இடத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான். பதுளையில் ஒரு செய்தி ஓட வேண்டுமென்றால் அவனிடம் 'யாருக்கும் சொல்லாதே' என்று சொன்னால் போதும்.

"விஜேந்திரன்... யாருக்கும் சொல்லிராத. அந்தத் தெமோதரை அம்மாவுக்குக் கண் போயிருச்சு."

"ஐயோ பாவமே, மிஸ்! முழுசாவா?"

"முழுசா."

உண்மையை அவனிடம்கூட அவள் சொல்லவில்லை. அவன் வாய் அப்படி.

---

மாரியாயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் பஞ்சுக் கட்டு. இடது கண்ணில் புகை. பக்கத்தில் யாரோ ஒரு அம்மா வந்து உட்கார்ந்தது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

மணி இரண்டு.

கதவு திறந்தது...!

புது ஆள். நாற்பது வயது. வியர்த்திருந்தான்! கண் அடிக்கடி மாரியாயியின் பெஞ்சுப் பக்கமே போய்ப் போய் வந்தது!

"பேரு?" என்றாள் றுஸைனா.

"ஆ?"

"பேரு!!"

"ஷாஹ்மி. புடவைக்கடை. காது கேக்குதில்ல, மிஸ். ரெண்டும்."

"எத்தன நாளா?"

"ஆ?"

றுஸைனா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். சுத்தமான காது! குறும்பி இல்லை. சவ்வில் ஓட்டை இல்லை. சீழ் இல்லை.

நடிக்கிறான்!

சார்ஜன்டுக்குக் கண் காட்டினாள். வாசலில் நின்ற விஜேந்திரனிடம் மெல்லச் சொன்னாள். "கதவ மூடிட்டு அங்கேயே நில்லு. ஒருத்தனையும் வெளிய விடாத."

"சரி, மிஸ்." மாஸ்க் போட்டிருந்த விஜேந்திரன் கதவைச் சாத்திப் பூட்டி, அதில் சாய்ந்து நின்றான்.

றுஸைனா ஷாஹ்மிக்குப் பின்னால் போனாள். ஒரு கை தூரம். அவனுடைய இடது காதை விரலால் அடைத்தாள். வலது காதுப் பக்கம், காற்று மாதிரி, ரகசியமாக...

"அஞ்சு... ரெண்டு... ஏழு."

அசையவில்லை.

"வெளிய ஒங்க வாகனத்தப் பொலிஸ் இழுத்துட்டுப் போகுது."

"எந்தப் பொலிஸ்?!" ஷாஹ்மி துள்ளி எழுந்தான்!

"புடிங்க சார்ஜன்ட்!"

மஹ்ரூப் பாய்ந்தார். நாற்காலி உருண்டது. ஷாஹ்மியின் கை முதுகுக்குப் பின்னால் முறுகியது!

"தெமோதரையில வேனால அடிச்சது நீதானே? சொல்லு!"

"எந்த வேன்? என்கிட்ட ஸ்கூட்டி ஒண்டுதான் ஈக்கு!"

"பொறவு ஏன் செவிடு மாதிரி நடிச்ச? ஏன் அந்த பெஞ்சையே பாத்த?"

ஷாஹ்மி எச்சிலை விழுங்கினான். குரல் இறங்கியது.

"அங்க ஈக்கிறது என்ட பொஞ்சாதி. ஆறு மாசமா அவ சொல்றது கேக்குதில்ல எண்டு சமாளிச்சுக்கிட்டு ஈக்கிறன். இண்டைக்கு அவளே கூட்டிட்டு வந்துட்டா. நான் ஸ்கூட்டிய நிப்பாட்டிட்டு வாறதுக்குள்ள முன்னுக்கு வந்து குந்திட்டா..."

பெஞ்சில் மாரியாயிக்குப் பக்கத்தில் இருந்த ரஹ்மத்தும்மா மெதுவாக எழுந்தாள்.

"ஆறு மாசமா...?"

ஷாஹ்மி சார்ஜன்டைக் கெஞ்சுவது போலப் பார்த்தான். "சேர், என்னக் கொண்டு போய் உள்ளுக்குப் போடுங்க."

றுஸைனாவுக்குக் காது வரை சூடேறியது. ஆனாலும் விடவில்லை. தோற்றதை உடனே ஒப்புக்கொள்கிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

"பொய் சொல்றான்! சாட்சி பாக்கட்டும்!"

கையைக் கழுவினாள். மாரியாயியின் பஞ்சுக் கட்டை மெல்ல உரித்தாள்.

"மெதுவாத் தொறங்க. கண்ணீர் வரும், தொடச்சுக்கலாம். இவனப் பாருங்க. இவன்தானே?"

மாரியாயி இமையைத் திறந்தாள். சிவந்த கண். நீர் வழிந்தது. ஷாஹ்மியை உற்றுப் பார்த்தாள்.

"இல்லம்மா. இவன் இல்ல."

அறையில் எல்லாருமே அதிர்ந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாக.

"அப்ப... கண் போகலையா?"

வாசலிலிருந்து வந்தது அந்தக் குரல். பேச்சோடு பேச்சாக மாஸ்க் மூக்குக்குக் கீழே, வாய்க்குக் கீழே, தாடைக்கு வந்துவிட்டிருந்தது.

மாரியாயி திரும்பினாள்.

கொழுந்து பறித்த அந்தக் கை, சுட்டு விரலை நீட்டி உயர்ந்தது.

"அவன்...! கதவுகிட்ட நிக்கிறானே... அவன்தான்!"

விஜேந்திரன்!

அவன் கதவைத் திறக்கத் திரும்பினான். அதே கதவை அவனேதான் பூட்டியிருந்தான். சாவியைத் தேடி ஒரு பையில் கை விட்டான். மறு பையில் விட்டான். மூன்றாவது பைக்குப் போவதற்குள் மஹ்ரூப்பின் கை அவன் கழுத்தில் விழுந்தது.

"வேணும்னு செய்யல்ல, மிஸ்...!" விஜேந்திரன் தரையில் உட்கார்ந்து அழுதான். "போன்ல பேசிக்கிட்டே வந்தேன்... அந்த ஆளு திடீர்னு... பயந்துட்டேன்..."

"அடிச்சது பயத்துல. போத்தல மாத்தினது?" மாரியாயி கேட்டாள். "அதுவும் பயத்துலயாய்யா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

றுஸைனாவுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. செவ்வாய்க்கிழமை சிகிச்சை நிலையத்தின் வெள்ளை வேனுக்குப் புது முன்விளக்கு போட்டிருந்தான். மாடு முட்டியதாகச் சொன்னான். அவளோ, மாட்டுக்கு அடிபட்டதா என்று கேட்டு வருத்தப்பட்டிருந்தாள்! லேபல்கள் இருக்கும் அலுமாரியின் சாவியையும் அவளேதான் அவனிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

மாரியாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழகரண்ணன் சம்சாரத்துக்கு இனிமே நான் பதில் சொல்லலாம்மா. பெரிய உதவி செஞ்சீங்க."

றுஸைனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழுவிய கையால்தான்.

சார்ஜன்ட் மஹ்ரூப் விலங்கு மாட்டி முடித்துக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"மிஸ்... குற்றவாளிய எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க? ரிப்போட்ல எழுதணும்."

றுஸைனா தலைமுக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"உண்மையச் சொன்னா, தப்பான ஆளப் புடிச்சேன், சரியான ஆளக் காவலுக்கு வச்சேன். நீங்க 'நுணுக்கமான விசாரணை'ன்னு எழுதிக்குங்க, சார்ஜன்ட்!"