பாலத்தின் தாழ்

கணவன் காரை வாசலை ஒட்டி நிறுத்தினான்.

"ஜலதோஷமே இல்லாம ஆவி பிடிக்கக் கிளம்பின ஒரே ஆள் நீதான்" என்றான்.

"நீ கடைக்குப் போயிட்டு மெதுவா வா. அவசரப்படுத்தாத."

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் இறங்கினாள். கல்லூரி ஆய்வகத்தில் வேலை. மீதி நேரமெல்லாம் முழங்கை நீளமே உள்ள நீராவி இஞ்சின்களோடு போகும். அவளைப் போன்ற பைத்தியங்கள் இணையத்தில் கூடிப் பேசும் ஒரு குழு இருந்தது. அதில் அவளுக்கு ஸ்பேனர் என்று பெயர். நேரில் நாலு பேரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடைத்துக்கொண்ட சிலிண்டர் என்றால் பக்கம் பக்கமாக எழுதுவாள்.

குழுவில் எல்லோரும் பயந்தது ஒருவருக்குத்தான். ரயில் கார்டு போல அதட்டுவதால் அவரை 'கார்டு' என்பார்கள். யார் என்ன கோளாறு சொன்னாலும் அவர் முதலில் கேட்பது, "தண்ணி பாத்தியா?" என்றுதான்.

இது கார்டின் வீடு. அவர் போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய கறுப்பு இஞ்சின் அதன்பின் ஒரு அடிகூட நகரவில்லை. ஓட வைப்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் மனைவி சொல்லியனுப்பியிருந்தார். வந்து பார்த்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்த இஞ்சினை நினைத்து அவள் சரியாகச் சாப்பிட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

கார்டின் மனைவி அவளைப் படியிறக்கி அழைத்துப் போனார். வீடெங்கும் கறுத்துப்போன பழைய மரம். நிலவறையின் கதவு மட்டும் வர்ணம் பூசாத புது மரம்.

"அவர் உள்ள இருந்தா நான் தொந்தரவே பண்ண மாட்டேன்மா. விசில் கேட்டா மனுஷன் குஷியா இருக்கார்னு அர்த்தம். கடைசி நாள்கூட விடாம அடிச்சுக்கிட்டே இருந்தார், சின்னப் பிள்ளையாட்டம். நான் மேல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருந்தேன்." அவர் கதவைத் தடவிக்கொடுத்தார். "அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. அப்பதான் வந்து பாத்தேன். கதவை உடைக்க வேண்டியதாப் போச்சு."

"என்ன ஆச்சும்மா அவருக்கு?"

"உள்ள காத்து பத்தலையாம்."

அவர் விளக்கைப் போட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

அறைக்கு ஜன்னல் இல்லை. காற்றுத் துளைகளைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார் கார்டு. காற்றடித்தால் பாய்லருக்குச் சூடேற்றும் ஸ்பிரிட் விளக்கு அணைந்துவிடும், தூசி தண்டவாளத்தில் படியும் என்பார். இடுப்பு உயரத்தில், நான்கு சுவர்களையும் ஒட்டிய பலகையில் தண்டவாளம் ஓடியது. கதவருகே மட்டும் அது அறுந்திருந்தது. அந்த இடைவெளியில் வைப்பதற்கான எஃகுப் பாலம் சுவரில் சாய்ந்து நின்றது.

கதவு உள்பக்கம் திறப்பது. கதவைச் சாத்தினால்தான் பாலத்தை வைக்க முடியும். வைத்துவிட்டால் கதவு திறக்காது. பாலத்தின் நுனியில் ஒரு தாழ் இருந்தது. பாலத்தின் மேலுள்ள தண்டவாளத்தில் பாரம் ஏறியதும் தாழ் வெளியே நீண்டு பலகையைப் பிடித்துக்கொள்ளும். ரயில் பாலத்தின் மேல் இருக்கும்போது யாரும் மறந்துபோய்த் தூக்கிவிடக் கூடாதென்று கார்டு யோசித்துச் செய்தது. அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

டிக். விட்டாள். டக்.

"அடேங்கப்பா" என்றாள் தனக்குத்தானே.

இஞ்சினின் கோளாறு அவள் நினைத்ததுதான். பழைய எண்ணெய் சிலிண்டருக்குள் கோந்தாக இறுகிப் பிஸ்டனைப் பிடித்திருந்தது. மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து இளக்கினாள். நெருப்பு மூட்டுவதற்கு முன் காற்றால் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். சைக்கிள் பம்பை பாய்லரில் பொருத்தி அடித்தாள். சக்கரம் ஒரு சுற்று சுழன்றது. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

பம்பைக் கழற்றினாள். எங்கேனும் இடறுகிறதா என்று கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். கதவைச் சாத்திப் பாலத்தை வைத்தாள். இஞ்சினைத் தண்டவாளத்தில் ஏற்றிச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தாள். மூலையில் கையை எடுத்தாள்.

இஞ்சின் நிற்கவில்லை.

உள்ளே காற்று மிச்சமிருக்கும், தீர்ந்ததும் நிற்கும் என்று நினைத்தாள். பாலத்தைத் தாண்டும்போது டிக், டக் என்றது. மறுபடி சுற்றி வந்தது. மறுபடியும். அவள் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். அத்தனை காற்றை அவள் அடிக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஸ்பிரிட் வாசனை வந்தது.

பையைத் திறந்து பார்த்தாள். அவள் கொண்டுவந்த ஸ்பிரிட் புட்டியின் மூடி பிரிக்காமலே இருந்தது.

இஞ்சின் கடக்கும்போது குனிந்து பார்த்தாள். பாய்லருக்கு அடியில் நீல நெருப்பு. தண்ணீர் ஒரு துளியும் ஊற்றாத பாய்லர். நீராவியை அடைக்கும் கைப்பிடியைக் கூடவே ஓடி மூடினாள். இஞ்சின் அதைச் சட்டை செய்யவில்லை.

நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கியது. நெருப்பு அறையின் காற்றைத் தின்றுகொண்டிருந்தது. அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும். பையிலிருந்த போனை எடுத்தாள், சிக்னல் இல்லை.

பாலத்தைத் தூக்கினால் இஞ்சின் கீழே விழுந்து நொறுங்கும். அவள் தயங்கினாள். இத்தனை நாள் ஆசைப்பட்ட இஞ்சின். அந்தத் தயக்கத்தில் ஒரு சுற்று போய்விட்டது. பிறகு, நொறுங்கினால் நொறுங்கட்டும் என்று பாலத்தில் கை வைத்தாள். இஞ்சின் அப்போது எதிர்மூலையில் இருந்தது.

அது வேகமெடுத்தது.

அவள் தூக்குவதற்குள் பாலத்தில் ஏறி நின்றது.

டிக்.

டக் வரவில்லை.

அவள் பாலத்தை உலுக்கினாள். தாழ் விடவில்லை. துணியைக் கையில் சுற்றிக்கொண்டு இஞ்சினைத் தள்ளினாள். ஆணி அடித்ததுபோல் நின்றது. துணியைத் தாண்டி உள்ளங்கை பொசுங்கியது.

"அம்மா! கதவைத் திறங்கம்மா!"

விசில் அடித்தது.

"அம்மா!"

விசில். அவள் குரல் எழும்போதெல்லாம் அதைவிட ஓங்கி எழுந்தது. மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ சாவகாசமாக உட்காரும் சத்தம்.

விசில் கேட்டா மனுஷன் குஷியா இருக்கார்னு அர்த்தம்.

அவர் குஷியாக இருக்கவில்லை. அவள் நிற்கும் இதே இடத்தில் நின்று கத்தியிருக்கிறார்.

தலை சுற்றியது. கண்ணின் ஓரங்கள் இருண்டன. கத்தக் கத்த, மேலே இருப்பவர் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். சத்தம் நின்றால்தான் இறங்கி வருவார். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார்.

அவள் தரையில் படுத்தாள். கண்ணை மூடினாள். மூச்சைச் சின்னதாக்கினாள்.

விசில் நின்றது.

அறையில் கொதிக்கும் சத்தம் மட்டும்.

டக்.

இஞ்சின் பாலத்தை விட்டு இறங்கியிருந்தது. அவசரமில்லாமல் சுவரோரம் வந்தது. அவள் தலைக்கு நேர் மேலே நின்றது. ஒரு சொட்டு சூடான எண்ணெய் கன்னத்தில் விழுந்தது. அவள் அசையவில்லை. இன்னொரு சொட்டு, இமையில்.

வெளியே படியில் செருப்புச் சத்தம்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

தலைக்கு மேல் சக்கரங்கள் உயிர்பெற்றன. அவள் எழுந்து ஓடினாள். விசில் காதைக் கிழித்தபடி பின்னாலேயே வந்தது. இரண்டு கையாலும் பாலத்தைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். கதவு திறந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

இஞ்சின் பலகையின் விளிம்பில், முன்சக்கரம் அந்தரத்தைத் தொடும் இடத்தில் நின்றிருந்தது. நெருப்பு இல்லை. அவள் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். இரும்பு சில்லென்றிருந்தது.

"விசில் கேட்டுச்சே! ஓட வச்சுட்டியே தாயி!" கார்டின் மனைவியின் முகம் மலர்ந்திருந்தது. கண் கலங்கியிருந்தது. "அவரே ஓட்டுற மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டுப் போ, இனி அது உன்னோடது."

அந்த விசில் என்னவென்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மாள் மிச்ச நாளை எப்படிக் கழிப்பார்?

"இஞ்சின் இங்கயே இருக்கட்டும்மா. இந்தப் பாலத்தை மட்டும் எடுத்துக்கிறேன்."

"அது எதுக்கும்மா?"

"கொஞ்சம் சரி பண்ணணும்."

பாலம் இல்லாமல் அந்த அறையில் ரயில் சுற்ற முடியாது. இனி யாரையும் உள்ளே வைத்துப் பூட்ட முடியாது. படியேறும்போது அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கணவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இஞ்சினுக்குப் போனவ தண்டவாளத்தைத் தூக்கிட்டு வர்ற? அங்க கையில என்ன, சுட்டுக்கிட்டியா?"

"வண்டியை எடு. கண்ணாடியை இறக்கு. எல்லாக் கண்ணாடியையும்."

அவன் கேலியை நிறுத்திக்கொண்டான். பெல்ட்டை மாட்டிவிட்டான். பாலம் அவள் மடியில், அவள் பக்கக் கதவிலிருந்து அவன் கைப்பக்கம் வரை குறுக்கே கிடந்தது. தெரு விலகியது. வெயில் இதமாக இருந்தது. ஆற்றில் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். முதல் முறையாக ஆழமாக மூச்சு வாங்கினாள்.

ஸ்பிரிட் வாசனை.

டிக்.

அவள் குனிந்து பார்த்தாள். பாலத்தின் நுனியில் தாழ் வெளியே நீண்டு, கார்க் கதவின் பிளவுக்குள் இறங்கியிருந்தது. தண்டவாளத்தின் மேல் ஒன்றுமில்லை. தொடையில் பாரம் அழுத்தியது. சேலை வழியாகச் சூடு ஏறியது.

அசையாமல் உட்கார்ந்து, டக் என்ற சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள்.