ஒரே ஒரு பன்னிரண்டு

விடுதி அம்மாள் படியேறி வந்தபோது மணி இரண்டு. நாலு மணிக்குள் ஒரு வழி சொல்ல வேண்டும் என்றார், உட்காருவதற்கு முன்பே.

கோடை விடுமுறைக்கு நீதிமன்றம் மூடியிருந்ததால் சுருக்கெழுத்தர் வீட்டில்தான் இருந்தார். பத்து வருடமாகச் சாட்சிகள் பேசுவதைப் பேசுகிற வேகத்திலேயே எழுதி எடுக்கிறவர். தெருவில் எந்தச் சிக்கல் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அவரைவிட அவர் மச்சினனுக்கு இதில் ஆசை அதிகம். மருந்துக் கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, விஷயத்தைக் கேட்குமுன்பே சட்டையை மாட்டிக்கொண்டான்.

விஷயம் இதுதான். அவருடைய விடுதியில் பிள்ளைகளுக்கான கோடைக் கணித முகாம். மூன்று வாரம், இருபத்துமூன்று பிள்ளைகள். கடைசியில் மனக்கணக்குத் தேர்வு, முப்பது கேள்வி. முகாமை நடத்தும் பெரிய சார் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை வாசிப்பார். விடையை மட்டும் எழுத வேண்டும். முதலாவதாக வரும் பிள்ளைக்கு நல்ல உறைவிடப் பள்ளி ஒன்றில் ஏழு வருடம் இலவசப் படிப்பு.

குருவி என்று எல்லோரும் கூப்பிடும் பதினோரு வயதுப் பெண் இருபத்தொன்பது வாங்கியிருந்தாள். அடுத்தவன் இருபத்தேழு. அவள் விட்ட அந்த ஒரு கணக்குதான் வினையாகிவிட்டது.

முந்தாநாள் மாலை, பெரிய சாருக்கு உதவியாக இருக்கும் சின்ன சார் சரியான விடைகளை எழுதி, உறையில் போட்டு, அலுவலக மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். பதினேழாவது கணக்குக்கு அவர் எழுதிய விடை பன்னிரண்டு. அது தப்பு. ஐம்பது என்று இருக்க வேண்டும். இன்று திருத்தும்போதுதான் தெரிந்தது. பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐம்பது எழுதியிருந்தார்கள், சிலர் விட்டிருந்தார்கள். பன்னிரண்டு எழுதியவள் குருவி மட்டும்.

தேர்வு நேற்று மாலை. நேற்று மதியம் அவள் அலுவலகத்திலிருந்து தனியாக வெளியே வந்ததைக் காவலாளி பார்த்திருக்கிறார். எதற்குப் போனாய் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

"சரியான விடை எத்தனை பேருக்கும் வரும், ஒரே தப்பு ரெண்டு பேருக்கு வராதுங்கறார் பெரிய சார்," என்றார் விடுதி அம்மாள். "நாலு மணிக்கு அவ அப்பா கூட்டிட்டுப் போக வர்றார். பெரிய சார் எல்லார் முன்னாடியும் திருடின்னு சொல்லித்தான் அனுப்புவாராம். அம்மா இல்லாத புள்ளைங்க. அவ அப்பா தாங்கமாட்டார்."

சுருக்கெழுத்தர் எழுந்தார்.

முகாம் அலுவலகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரோரம் பழைய தொலைபேசி. இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. உறையும் ஒட்டப்படவில்லை, வாயை மடித்து வைத்ததோடு சரி. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம். மச்சினன் குனிந்து இழுப்பறையின் விளிம்பை முகர்ந்தான்.

"என்ன வாசம் வருது?"

"மரம், மச்சான்."

"நல்லது."

எல்லோரிடமும் கைப்பேசி வந்தபின் இந்தத் தொலைபேசியை யாரும் தொடுவதில்லை என்று விடுதி அம்மாள் சொன்னார். பிள்ளைகள் முகாம் முடியும்வரை வீட்டோடு பேசக்கூடாது என்பது பெரிய சாரின் சட்டம். சுருக்கெழுத்தர் ரிசீவரைத் தூக்கினார். மேலே தூசி படிந்திருந்தது, பிடியில் மட்டும் இல்லை. கடைசியாக அழைத்த எண்ணுக்கே மறுபடி போகும் பொத்தானை அழுத்தினார்.

மறுமுனையில் ஓர் ஆண் குரல். இவர் வாயைத் திறக்குமுன்பே சொன்னது: "சாப்ட்டேன்மா. கெளம்பிட்டே இருக்கேன்."

எண் மாறிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். மச்சினன் ஏதோ கேட்க வந்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சின்ன சாரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: கேள்விகளைப் பார்த்துத்தான் விடை எழுதினீர்களா? இல்லையாம். கேள்வி நோட்டைப் பெரிய சார் யாருக்கும் காட்டமாட்டார். நடந்துகொண்டே சொன்னாராம், இவர் காதால் கேட்டு விடையை மட்டும் எழுதினாராம்.

"ரெண்டு தடவை சொன்னாரா?"

"எனக்கு எதுக்கு சார் ரெண்டு தடவை?" சின்ன சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் என்ன சின்னப் புள்ளையா?"

குருவி வகுப்பறையின் கடைசி பெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அலுவலகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளுடைய தாளை மட்டும் விரித்தார். முப்பது விடைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரத்தில் ஒரு சின்னப் பறவை. இறகுவரை வரைந்திருந்தாள்.

"இதெல்லாம் எப்ப வரைஞ்ச?"

"ஒவ்வொரு கணக்கும் எழுதினப்புறம்."

"எல்லாத்துக்கும் நேரம் கெடைச்சுதா?"

"ம். சார் மறுபடி வாசிப்பார்ல."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மணி மூன்றரை. எல்லோரையும் அலுவலகத்துக்குக் கூப்பிடச் சொன்னார்.

பெரிய சார் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பாடம் நடத்தியவன், எனக்குப் பிள்ளைகளைத் தெரியும் என்றார். சுருக்கெழுத்தர் மறுக்கவில்லை. மச்சினன், விடுதி அம்மாள், சின்ன சார் மூவருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பதினாறு, பதினேழு, பதினெட்டு மூன்றையும் தேர்வில் வாசித்த மாதிரியே ஒருமுறை வாசியுங்கள் என்று பெரிய சாரைக் கேட்டுக்கொண்டார். மற்றவர்கள் காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும்.

பெரிய சார் கடகடவென்று வாசித்தார்.

சுருக்கெழுத்தர் தாள்களை வாங்கிப் பார்த்தார். பதினேழாவதுக்கு மச்சினன் எழுதியிருந்தது: 'ஆறு காலை எட்டால் பெருக்கு.' சின்ன சார் தாளிலும் அதே. விடுதி அம்மாள் மட்டும் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். 'காலை ஆறு, எட்டு ஆள், பெருக்கணும்.'

"கூடம் பெருக்கறதைச் சொல்றார்னு நெனச்சேன்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை, மச்சினனைத் தவிர.

"உங்க நோட்டுல என்ன இருக்கு?" என்று சுருக்கெழுத்தர் கேட்டார்.

பெரிய சார் நோட்டைப் பார்த்தார். "ஆறேகாலை."

"இப்ப ரெண்டாவது தடவை வாசிங்க, தேர்வுல வாசிச்ச மாதிரி."

நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். இந்தத் தடவை ஆறேகால் சுத்தமாக விழுந்தது.

"ஆறேகாலை எட்டால பெருக்கினா அம்பது," என்றார் சுருக்கெழுத்தர். "ஆறு கால்னா ஒண்ணரை. அதை எட்டால பெருக்கினா பன்னெண்டு. மொத தடவை வேகமா வாசிக்கறப்ப 'றே' தேஞ்சு 'று' ஆயிடுது. சின்ன சார் ஒரு தடவைதான் கேட்டார், பன்னெண்டு எழுதினார்."

"அவ ரெண்டு தடவை கேட்டாளே," என்றார் பெரிய சார்.

"கேக்கல. மத்த புள்ளைங்க ரெண்டாவது வாசிப்புக்காகக் காத்துட்டிருந்தாங்க. இவ மொத வாசிப்புலயே விடையை எழுதிட்டு, ரெண்டாவதப்போ பறவை வரைஞ்சிட்டிருந்தா. முப்பது பறவை இருக்கு, எண்ணிப் பாருங்க. தப்பு விடைத்தாள்லேர்ந்து வரல சார். ரெண்டு பேர் காதுக்கும் ஒரே வாயிலேர்ந்து வந்தது."

பெரிய சார் குருவியின் தாளை எடுத்து ஓரத்தில் விரலை ஓட்டினார். எண்ணினார் போலிருந்தது.

"அப்ப இங்க எதுக்கு வந்தா?"

"விடையைத் திருட வரல. அது மட்டும் உங்களுக்குப் போதும். மீதி அவ சொந்த விஷயம்."

வாசலில் காவலாளியின் குரல் கேட்டது. குருவியின் அப்பா வந்துவிட்டார், பத்து நிமிடம் முன்னதாகவே. தொளதொளவென்ற சட்டை, கையில் மடித்த துணிப்பை. பிள்ளைகளும் பெற்றோர்களும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பெரிய சார் வெளியே போனார். சின்ன சார் பின்னாலேயே ஓடினார். இந்த ஆள் மழுப்பிவிடுவார் என்றே மச்சினன் நினைத்தான்.

"உங்க பொண்ணுதான் முதலாவது," என்றார் பெரிய சார். "முப்பதுக்கு இருபத்தொம்பது."

அந்த மனிதர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அந்த ஒண்ணு என்னாச்சுங்க?"

குருவி முந்திக்கொண்டாள். "சார் ரெண்டாவது தடவை சரியாத்தான்பா வாசிச்சார். நான்தான் கேக்கல."

"இல்லம்மா," என்றார் பெரிய சார். "நான் மொத தடவையே சரியா வாசிச்சிருக்கணும். உன்னைச் சந்தேகப்பட்டதும் தப்பு."

அதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெளிவாகக் கேட்டது.