மூச்சுத் தொட்டி

யாரும் ஊதாமலே டிரம் ஏறியது.

கொஞ்சம்தான் ஏறியது. காந்திமதி முதலில் ஃபேன் காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். காகிதமெல்லாம் பறக்கிறதென்று காலையிலேயே ஃபேனை நிறுத்தியது தான்தான் என்பது அப்புறமே நினைவுக்கு வந்தது.

பி.எஸ்சி. மாணவர்களுக்காக அந்தக் கோடை விடுமுறையில் டவுன்ஷிப்பில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிப் பயிற்சி அது. நிலக்கரி மைன்ஸில் தூசிக்குள் வேலை பார்ப்பவர்களின் நுரையீரல் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்க வேண்டும். காலியாகக் கிடந்த குவார்ட்டர்ஸ் ஒன்றில் கருவியை வைத்திருந்தார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குள் கவிழ்த்த தகர டிரம், வாயில் வைத்து ஊத ஒரு ரப்பர் குழாய். ஊதினால் டிரம் மேலே வரும், கப்பியில் ஓடும் சங்கிலி கிரீச்சிடும்.

வெளியே கத்திரி வெயில் கொளுத்தியது. கரித்தூள் வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் நடுமத்தியானத்திலும் அறை மங்கிக் கிடக்க, டெட்டால் நெடியும், வெந்த ரப்பர் நெடியும், எத்தனையோ பேர் வாய் வைத்த குழாயின் பீடி வாடையும் ஒன்றாகக் கலந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டன. கூடப் படிப்பவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளுக்குப் பசியில்லை.

நேற்று அந்த நாற்காலியில் அப்பா இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தார். ஊத ஊத இருமல்தான் வந்தது, டிரம் அசையவில்லை. டாக்டர் பக்கத்து அறைக்குப் போன சமயம் பார்த்து, குழாயை மகளிடம் நீட்டினார்.

"ஏட்டி, எனக்குப் பதிலா நீ ஊதிரு. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாவன்னா வேலை போயிரும். பொறவு உன்னை எப்படிம்மா மேல படிக்க வைக்க?"

அவள் ஊதினாள். அப்பா பாவம் என்று தம் கட்டி, அடிவயிற்றிலிருந்து ஊதினாள்.

ராத்திரி அப்பா ஒரு தரம்கூட இருமவில்லை. காலையில் சீட்டியடித்துக்கொண்டே சைக்கிளை மிதித்து ஷிப்ட்டுக்குப் போனார். அவளுக்குத்தான், வீட்டிலிருந்து இங்கே நடந்து வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இங்கே வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த சாமியம்மாள்கூடத் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, ஓடியாந்த மாதிரி மூச்சு வாங்கிகினு நிக்கிற? வூட்டுக்குப் போயி படு."

போயிருக்கலாம்.

கிரீச். டிரம் மறுபடியும் ஏறியது, இறங்கியது. குழாயை மடக்கி இறுக்கிப் பிடித்தாள். அப்போதும் ஏறியது. அது ஏறும்போதெல்லாம் தன் மார்பு ஒடுங்குவதை அவள் கவனித்தாள். மூச்சை உள்ளே இழுக்கப் பார்த்தாள், முடியவில்லை. டிரம் இறங்கிய பிறகுதான் கொஞ்சம் காற்று வந்தது. அடுத்த தடவை அது இன்னும் மேலே போனது. அவளுக்கு வந்த காற்று இன்னும் குறைந்தது.

தகரத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது, ஆளின் உடம்புச் சூடு.

"காந்தி."

வாசலில் அப்பா. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார், முகமெல்லாம் கரித்தூள், சட்டைப் பித்தான்கள் திறந்திருந்தன. அப்பாடா என்று அவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன ஒரு மாதிரியா இருக்க? வா, வீட்டுக்குப் போவம்."

எப்போதும் துருத்தி மாதிரி அடித்துக்கொள்ளும் மார்பு அது. இப்போது அசையவில்லை. பேசும்போதும் அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அசையவே இல்லை.

கிரீச்.

இரண்டு கையாலும் டிரம்மைக் கீழே அமுக்கினாள். காற்று வந்தது. நெஞ்சு நிறைய வந்தது. வாசலில் அப்பாவின் உதடு நீலமானது. கதவைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தது. சத்தம் இல்லை. கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சின.

அப்பா.

கையை எடுத்தாள்.

டிரம் ஏறியது. அப்பா நிமிர்ந்தார். சிரித்தார்.

"வாட்டி, நேரமாவுது."

டிரம் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. அவள் அது இறங்கக் காத்திருந்தாள்.