தூக்கி எறிய முடியாத பிணம்!

ட்ரிங்... ட்ரிங்...

மேஜை மேலிருந்த இன்டர்காம் அலறியது.

மாப்பிள்ளையும் அலறத்தான் நினைத்தார். அடக்கிக்கொண்டார்.

இன்று மத்தியானம்தான் மாமனாரைக் கொலை செய்து முடித்த கை... அந்தக் கையாலேயே ரிசீவரை எடுத்தார்.

"மாப்பிள்ளை சார், கீழ பெல்ட்டுலருந்து பேசறேன்."

பெல்ட் அக்கா!

ஊர்க் குப்பையெல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கி, கீழே கூடத்தில் நீளமான பெல்ட்டில் ஓடும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று அட்டை, கண்ணாடி, தகரம், துணி என்று பிரித்தெடுப்பார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி இந்த அக்கா. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு குண்டூசிகூட அந்தப் பெல்ட்டைத் தாண்டியது கிடையாது.

"என்ன விஷயம்?"

"சிவப்புத் தொட்டியில ஒரு கார்பெட் வந்திருக்கு சார். பூப்போட்ட கார்பெட். முதலாளி ரூம்ல கிடக்குமே, அதே மாதிரி."

மாப்பிள்ளை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சிவப்புத் தொட்டியா? அது... அது நேரா ஊருக்கு வெளிய குப்பைப் பள்ளத்துக்குத்தானே போகும்?"

"அந்தக் காலம் போச்சு சார். பள்ளத்து லாரி நம்ம கேட்டுக்குள்ள வந்தே வருஷக்கணக்காச்சு. சிவப்புத் தொட்டியையும் பெல்ட்டுல கொட்டி ஒரு தடவை பாத்துடணும்னு ஐயா சொல்லியிருக்காரே. சுருட்டிக் கயித்தால கட்டியிருந்துச்சு. அவுத்துட்டோம். கார்பெட் தனி, கயிறு தனி."

"உள்ள... உள்ள ஏதாவது...?"

"உள்ளயா? உள்ள என்ன சார் இருக்கணும்?"

மாப்பிள்ளை டையைத் தளர்த்திக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல. பழைய கார்பெட்தானே, தூக்கிப் போட்டுடுங்க."

மறுமுனையில் மௌனம். கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி மௌனம்.

"சார், அந்த வார்த்தைய இங்க சொல்லக் கூடாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அக்கா ஃபோனை வைத்தாள்.

உண்மைதான். அந்தக் கம்பெனியில் 'தூக்கிப் போடு' என்பது கெட்ட வார்த்தை! வாசல் கேட்டிலேயே கொட்டை எழுத்தில் பலகை மாட்டியிருக்கும்... 'பிரிக்காத எதுவும் இந்த கேட்டைத் தாண்டி வெளியே போகாது.'

மாமனார் ஒரு விசித்திரப் பிறவி. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிற இடத்தில் அவருக்கு மட்டும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்கும். கிழிந்த மெத்தையைத் தலையணை ஆக்கி விற்றார். பாட்டில் மூடிகளை உருக்கி நாற்காலி ஆக்கினார். பால் பாக்கெட்டை அழுத்தி மேஜைப் பலகை செய்தார். மாப்பிள்ளை இப்போது உட்கார்ந்திருந்த நாற்காலியே முன்ஜென்மத்தில் ஷாம்பு மூடிதான்.

மாப்பிள்ளைக்கோ அந்த இடத்தில் குப்பை தெரியவில்லை, நாற்காலி தெரியவில்லை. நிலம் மட்டும்தான் தெரிந்தது. வீட்டுமனை புரோக்கராக இருந்து மாப்பிள்ளையானவர்; கண் அப்படி. இவ்வளவு பெரிய இடத்தில் அடுக்குமாடி கட்டாமல் அட்டை அடுக்கி வைத்திருக்கிறாரே மனுஷன் என்று வந்த நாளிலிருந்து வயிறு எரிந்தது. ஒரு பில்டர் தயாராக நின்றான். மாமனார் மசியவில்லை. 'விற்கலாம்' என்று ஆரம்பித்தாலே செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

மாமனார் போனால் எல்லாம் மகளுக்கு. மகள் கையெழுத்து மாப்பிள்ளை நீட்டுகிற இடத்தில். கணக்கு சுத்தம்!

அதனால்தான் இன்று மத்தியானம், ஆட்களெல்லாம் சாப்பிடப் போயிருந்தபோது, மாப்பிள்ளை தன் கையாலேயே மாமனாருக்குக் காபி கலந்தார். காபி மேடையில் வரிசையாக டப்பாக்கள். 'சர்க்கரை' என்று ஒரு டப்பா. 'எலி மருந்து' என்று மண்டை ஓடு போட்ட இன்னொரு டப்பா. மண்டை ஓட்டுக்குப் பக்கத்தில் நாலைந்து எறும்பு ஓடிக்கொண்டிருந்தது. ஊதித் தள்ளிவிட்டு, மூன்று ஸ்பூன் நிறைய அள்ளிப் போட்டார்.

மாமனார் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். முகத்தில் அப்படியொரு நிம்மதி!

"மாப்பிள்ளை, உங்க கைராசியே ராசி" என்றார். சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்தவர்தான்.

மாப்பிள்ளை தோளைப் பிடித்து உலுக்கினார். அசைவில்லை. நாடி பார்க்கத் தெரியாது. அதற்குப் பதில், மாமனார் காதருகே குனிந்து, "மாமா, கம்பெனிய வித்துடலாமா?" என்று கேட்டார்.

பதில் இல்லை. செருப்பும் பறந்து வரவில்லை.

செத்துவிட்டார் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்!

ஆள் ஒல்லி. கார்பெட்டில் சுருட்டி, கயிற்றால் கட்டி, படியில் இறக்கி, தள்ளுவண்டியில் வைத்து, பின்வாசல் வழியாகச் சிவப்புத் தொட்டியில் போட்டாயிற்று. எதற்கும் ஆகாததைப் போடுகிற தொட்டி அது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். நாற்றத்துக்குப் பயந்து கூடத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

கார்பெட் பெல்ட்டுக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் உள்ளே இருந்தவர்?

தொட்டியிலேயே நழுவி விழுந்திருப்பாரோ? அட்டை நசுக்கும் மெஷினுக்குப் போயிருப்பாரோ? நாளைக்கே மாமனார் அட்டைப் பெட்டியாக ஏதாவது கடையில் உட்கார்ந்திருப்பாரோ?

எழுந்து போய்த் தனக்கு ஒரு காபி போட்டுக்கொண்டு வந்தார். ஜாக்கிரதையாக 'சர்க்கரை' டப்பாவிலிருந்துதான். என்ன இழவோ, இனிக்கவே இல்லை. இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டார். காபி கொழகொழவென்று ஆனதே தவிர இனிக்கவில்லை. பயத்தில் நாக்கு செத்துவிட்டது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு குடித்தார்.

ட்ரிங்... ட்ரிங்...

"சார், ஒரு செருப்பு வந்திருக்கு."

மாப்பிள்ளை ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"ஒத்தச் செருப்பு. கட்டைவிரல் பக்கம் தேஞ்சிருக்கு. ஜோடி இருந்தா தொடச்சு வித்துடலாம். முதலாளி ரூம்லதானே இருக்கீங்க, இன்னொண்ணு அங்க கிடக்கான்னு கொஞ்சம் பாக்கறீங்களா?"

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார்.

மேஜைக்கு அடியில்... கிடந்தது!

"இல்ல" என்றார். அந்தச் செருப்பைக் காலாலேயே தள்ளித் தன் நாற்காலிக்குப் பின்னால் ஒளித்தார். ஜன்னல் வழியாக வீசலாமா என்று ஒரு நொடி நினைத்தார். வீசினால் அதுவும் பெல்ட்டுக்குப் போய், பெல்ட்டிலிருந்து ஃபோனுக்கு வரும். இந்தப் பாழாய்ப்போன இடத்தில் ஒரு பொருளைத் தொலைக்கக்கூட வழியில்லை!

இரண்டாவது கப் காபி. அதுவும் கொழகொழ. வேர்க்க விறுவிறுக்க அதையும் குடித்து முடித்து, மூன்றாவது கலக்கிக்கொண்டிருந்தபோது மறுபடியும் இன்டர்காம்.

"சார், இப்ப பெருசா ஒண்ணு வந்திருக்கு. இது அட்டையும் இல்ல, துணியும் இல்ல. எந்தத் தொட்டியில சேக்கறதுன்னு புரியல. மேல கொண்டு வரேன், நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"வேணாம்... கொண்டு வராதீங்க..."

லைன் கட்!

ஓடலாமா? பின்வாசல் வழியாகவா? எழுந்தார். ஓடினால் நான்தான் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்தார்.

மரப்படியில் காலடிச் சத்தம். ஒரு ஆள் இல்லை... இரண்டு ஆள் இல்லை... மூன்று பேர்!

கதவு திறந்தது.

முதலில் பெல்ட் அக்கா. அவள் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு இன்ஸ்பெக்டர்.

அவருக்குப் பின்னால், தலையெல்லாம் மெத்தைப் பஞ்சு ஒட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் செருப்போடு, கொட்டாவி விட்டபடி...

மாமனார்!

மாப்பிள்ளை கையிலிருந்த ஸ்பூன் தரையில் விழுந்து உருண்டது.

"என்ன மாப்பிள்ளை, பேயப் பாத்த மாதிரி பாக்கறீங்க? நல்ல தூக்கம், இடி விழுந்தாலும் எழுந்திருக்காத தூக்கம். முழிச்சுப் பாத்தா பெல்ட்டுல போய்க்கிட்டு இருக்கேன். இந்தப் பக்கம் நாலு பொண்ணுங்க, அந்தப் பக்கம் நாலு பொண்ணுங்க. என்னை அட்டைப் பக்கம் தள்ளறதா துணிப் பக்கம் தள்ளறதான்னு சண்டை."

இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். எதில் செய்தது என்று அக்காவிடம் விசாரித்தார். பாட்டில் மூடி என்றதும் புருவத்தை உயர்த்தினார். அப்புறம்தான் வந்த வேலை ஞாபகம் வந்தது.

"பாருங்க சார், இந்தம்மா ஃபோன் பண்ணிக் கூப்பிட்டாங்க. கார்பெட்ல ஆளைச் சுருட்டிக் கட்டியிருக்காங்கன்னு. ஆனா ஐயா தூங்கிட்டார். யார் சுருட்டினதுன்னு அவருக்குத் தெரியாது. பாத்த சாட்சியும் இல்ல. அதான் எப்படிக் கேஸ் எழுதறதுன்னு புரியல."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாட்சி இல்லை! மாமனாருக்கும் தெரியாது! எலி மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று புரியாவிட்டால் என்ன, தப்பித்தால் போதும்!

"எந்தப் பாவி மாமா இப்படிப் பண்ணினான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துளி ஈரம் இல்லாத கண்.

மாமனார் எதிரே வந்து உட்கார்ந்தார். மேஜை மேலிருந்த காபி கப்பை எட்டிப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும் மாப்பிள்ளை. மத்தியானம் ஒரு காபி குடுத்தீங்களே... டாக்டர் இனிப்பே கூடாதுன்னு சொன்னதுக்கு அப்புறம் அப்படி ஒண்ணு நான் குடிச்சதே இல்ல. எந்த டப்பாவுலருந்து போட்டீங்க?"

"ச... சர்க்கரை டப்பாதான் மாமா. நானும் அதுலருந்துதான் போட்டுக் குடிக்கறேன். இதோ, மூணாவது கப்."

மாமனாரும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா நெஞ்சில் கையை வைத்தாள்.

"இனிச்சுதா?" என்றார் மாமனார், மெதுவாக.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மூடினார்.

"இனிக்கல."

"எப்படி இனிக்கும்? இந்தக் கம்பெனியில ஒரு டப்பாவாவது புதுசா வாங்கியிருக்கமா? எல்லாம் குப்பையில வந்த டப்பா. மேல என்ன எழுதியிருக்குன்னு யார் பாக்கறாங்க? டீத்தூள் பெயிண்ட் டப்பாவுல இருக்கு. ஆணி பிஸ்கட் டப்பாவுல இருக்கு. சர்க்கரைய எலி மருந்து டப்பாவுலதான் வைப்போம். அப்பதான் எறும்பத் தவிர யாரும் கை வைக்க மாட்டாங்க."

எறும்பு!

மண்டை ஓட்டின் பக்கத்தில் ஓடிய எறும்புகள் மாப்பிள்ளையின் கண்முன் வரிசையாக ஊர்ந்து போயின.

"அப்ப... சர்க்கரைன்னு எழுதின டப்பாவுல... மாமா, அப்ப எலி மருந்து எங்க இருக்கு?"

மாமனார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். சாவு வீட்டில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. கொழகொழவென்று புரண்டது.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. மாமா, காலைப் பிடிச்சுக் கேக்கறேன், கூப்பிடுங்க. நான்தான் பண்ணேன். எலி மருந்துன்னு நினைச்சுத்தான் உங்க காபியில மூணு ஸ்பூன் போட்டேன். கார்பெட்ல சுருட்டினதும் நான்தான். உங்க இன்னொரு செருப்பு இந்த நாற்காலிக்குப் பின்னாடிதான் இருக்கு. கம்பெனிய அந்த பில்டருக்குத் தரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். எல்லாத்தையும் ஒத்துக்கறேன். எனக்கு வயித்த வலிக்குது மாமா."

இன்ஸ்பெக்டர் நிதானமாக எழுந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"இது போதும் ஐயா. சாட்சி இல்லன்னு கவலைப்பட்டேன். மூணு தடவை ஃபோன் பண்ணிக் கலங்கடிங்கன்னு இந்தம்மாகிட்டயும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்னு என்கிட்டயும் நீங்க சொன்னப்ப நம்பல."

மாப்பிள்ளை மலங்க மலங்க விழித்தார்.

"அது பசை மாவு மாப்பிள்ளை" என்றார் மாமனார். "அட்டைப் பெட்டி ஒட்டறதுக்கு. நம்ம கம்பெனியில எலி மருந்து வாங்கறதே இல்ல. எலி பாட்டுக்கு எலி ஓடட்டும்னு விட்டுட்டோம். உசுருக்கு ஒண்ணும் ஆகாது. வயிறு ரெண்டு நாளைக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. குனிந்து நாற்காலிக்குப் பின்னால் கிடந்த செருப்பை எடுத்தார். அடிக்கப் போகிறார் என்று மாப்பிள்ளை கையைக் குறுக்கே தூக்கினார். அவர் அடிக்கவில்லை. காலில் மாட்டிக்கொண்டார்.

"உடைஞ்ச பொருள் எது கைக்கு வந்தாலும் ஏதோ ஒண்ணுக்கு ஆகும்னு நம்பினவன் நான். உங்களையும் அப்படித்தான் நம்பினேன். இப்ப என் பொண்ணு முகத்த எப்படிப் பாப்பேன்?"

மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் பசை மாவு வழி விடவில்லை.

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு எழுப்பினார். போகிற போக்கில், இதே மாதிரி நாற்காலி ஸ்டேஷனுக்கு ஆறு வேண்டும் என்று மாமனாரிடம் சொல்லி வைத்தார். கைதிகள் உடைக்க முடியாத மாதிரி இருந்தால் நல்லது என்றார். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டார். வியாபாரி வியாபாரிதான்!

படியிறங்கி, கூடத்தைக் கடந்து, ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

"சார், கொஞ்சம் இருங்க."

அக்கா கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து நின்றாள். மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். பெல்ட்டில் எதையாவது பார்க்கிற அதே பார்வை!

"டை துணி. பெல்ட் தோல். கண்ணாடி கண்ணாடி. வாட்ச் தகரம். எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு அப்புறமா கூட்டிட்டுப் போங்க சார்... கலந்த குப்பைய நாங்க வெளிய அனுப்பறதில்ல."